அத்தியாயம் 7: கரப்பான் உள்ள கர்ப்பிணிக்கு வைரஸ் தொற்று வந்தால்

பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்து கொடுப்பதென்றால் எல்லோருக்கும் தயக்கம்தான். ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட வீட்டில் நான்கு பேர் கூடிப் பேசுவார்கள். பெரும்பாலும் இந்தத் தயக்கம் நல்லதையே செய்கிறது. தேவையற்ற மாத்திரைகளிலிருந்து தாயையும் சிசுவையும் காக்கிறது. ஆனால் நெடுநாளாகக் கரப்பான் உள்ள பெண் கருவுற்றிருக்கும்போது, அந்தத் தோலில் ஹெர்பிஸ் வைரஸ் புகுந்து பரவத் தொடங்கினால், அங்கே தயங்குவதே ஆபத்தாக முடியும். அப்படிப்பட்ட பெண்ணுக்குச் சந்தேகம் எழுந்த அன்றே வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கர்ப்பிணிகள், அவர்கள் வீட்டார், கிராமச் சுகாதாரச் செவிலியர் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. மருந்தின் அளவுகளைச் சொல்லியிருப்பது, மருத்துவர் எழுதித் தருவதைப் புரிந்துகொள்வதற்காக. கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடுவதற்காக அல்ல.

தோல் இடம் கொடுப்பது ஏன்?

நெருக்கமாக வேய்ந்த கூரை மழையை உள்ளே விடாது. ஓலை இற்றுப்போன இடத்தில்தான் ஒழுகும். தோலின் மேலடுக்கும் அப்படித்தான். அதை இறுக்கிப் பிடித்து வைப்பதில் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் புரதத்துக்குரிய மரபணுவில் ஏற்படும் குறை கரப்பானுக்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று என்பதை, ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2006-இல் காட்டியது. கூரை இற்றது ஒரு பக்கம் என்றால், காவலும் தளர்வது இன்னொரு பக்கம். கரப்பானில் உடலின் எதிர்ப்பாற்றல் ஒவ்வாமைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதனால், கிருமிகளைக் கொல்வதற்காகத் தோல் தானே சுரக்கும் புரதங்கள் குறைந்துவிடுகின்றன. கர்ப்பம் இந்தச் சாய்வை இன்னும் கூட்டுகிறது. கருவில் பாதி தந்தையின் அம்சம். தாயின் உடல் அதை அயலாக எண்ணித் தாக்காமல் இருப்பதற்காக, வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும் பிரிவு சற்று அடங்கிப்போகிறது. கர்ப்பகாலத் தோல் நோய்களால் அவதிப்பட்ட 505 பெண்களை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது கரப்பான் வகைதான். ஆகவே நாம் பேசும் பெண் அபூர்வமானவள் அல்ல. ஒவ்வொரு கர்ப்பிணிப் பரிசோதனை நாளிலும் வரிசையில் நிற்பவள்.

உதட்டோரத்தில் காய்ச்சல் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் பெரும்பாலான மக்களின் உடலில் ஒருமுறை நுழைந்து, நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. அவ்வப்போது விழித்துக்கொண்டு நாலைந்து கொப்புளங்களைக் காட்டி அடங்கிவிடும். கரப்பான் தோலில் அது அடங்குவதில்லை. கழுத்து, முகம், முழங்கை மடிப்பு என்று இற்ற இடமெல்லாம் ஓரிரு நாட்களில் படர்ந்துவிடும். வியன்னாவில் பணியாற்றிய மோரிட்ஸ் காபோசி 1887-இல் விவரித்த இந்த நோயை மருத்துவர்கள் எக்ஸிமா ஹெர்பெட்டிகம் என்கிறார்கள். பெம்ஃபிகஸ், டேரியர் நோய் போன்ற வேறு நீடித்த தோல் நோய்கள் உள்ளவர்களுக்கும் இது வரலாம். வைரஸ் இரத்தத்தில் கலந்து கல்லீரலைத் தாக்குவது பொதுவாக மிக அரிது. அந்த அரிய விபத்து கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நேர்ந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் இருக்கும், கல்லீரல் நொதிகள் எகிறியிருக்கும், கண்ணில் மஞ்சள் மட்டும் இருக்காது. அதனால்தான் அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

எப்படி அடையாளம் காண்பது?

கரப்பான் தானாக அதிகரிப்பதற்கும் வைரஸ் புகுந்ததற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லக்கூடியவள் அந்தப் பெண்தான். கரப்பான் அரிக்கும், இது வலிக்கும், எரியும். ஆண்டுக்கணக்கில் சொறிந்து பழகியவள் "இந்தத் தடவை அரிப்பு இல்லை, தொட்டாலே வலிக்கிறது" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குக் காது கொடுக்க வேண்டும். பார்வைக்கு, கொப்புளங்கள் எல்லாம் ஒரே அளவில், கொத்தாக, நடுவில் சிறு குழியோடு இருக்கும். அவை உடைந்தபின் 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில், காகிதத்தில் பஞ்ச் போட்டதுபோல் ஓரம் தெளிவான வட்டப் புண்கள் தெரியும். அவற்றின் மேல் இரத்தம் கலந்த பொருக்கு கட்டும். காய்ச்சல் அடிக்கும், கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டும். பாக்டீரியாவால் வரும் புண்ணில் தேன் நிறப் பொருக்கு இருக்கும், புண்களின் அளவு ஒன்றுபோல் இராது. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. கர்ப்பத்தில் வரும் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸுக்கு 1872 முதல் வழங்கிவரும் பழைய பெயரில் 'ஹெர்பெட்டி' என்ற ஒலி இருப்பதால் அதையும் ஹெர்பிஸ் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் எந்த வைரஸும் இல்லை. சிவந்த திட்டுகளின் ஓரத்தில் சீழ்ப்புள்ளிகள் வரிசைகட்டும், சிகிச்சையும் முற்றிலும் வேறு.

சில அறிகுறிகள் கண்டால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். இமையிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம், கண் சிவந்து கூசுவது ஆகியவை கருவிழியில் தழும்பு விழக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை. தோல் மருத்துவரோடு கண் மருத்துவரும் அன்றே பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல், மனக்குழப்பம், வலது மேல்வயிற்றில் வலி, விடாத வாந்தி, சிசுவின் அசைவு குறைவது, இடுப்பு வலி தொடங்குவது ஆகியவற்றில் எது இருந்தாலும் மகப்பேறு வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

மருந்தும் அதற்கான சான்றும்

இந்த நோய்க்கு உரிய மருந்து அசைக்ளோவிர். இதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில் முன்னின்ற ஜெர்ட்ரூட் எலியன் 1988-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மருந்து செயல்படும் விதத்தைப் புரிந்துகொண்டால் கர்ப்பிணியின் அச்சம் பாதி தணியும். அசைக்ளோவிர் செல்லுக்குள் போகும்போது பூட்டிய நிலையில்தான் போகிறது. அதைத் திறக்கும் நொதியை ஹெர்பிஸ் வைரஸே உண்டாக்குகிறது. வைரஸ் புகுந்த செல்லில் மருந்து விழித்து, அதன் பெருக்கத்தை நிறுத்துகிறது. வைரஸ் இல்லாத செல்லில், அது தாயுடையதானாலும் சிசுவுடையதானாலும், பெரும்பாலும் உறங்கியே கிடந்து சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. லேசான நிலையில் வழக்கமாக 400 மி.கி. மாத்திரையை நாளுக்கு 5 வேளை, 7 முதல் 10 நாட்கள் கொடுக்கிறார்கள். காய்ச்சலும் பரவலும் இருந்தால், அல்லது பேறுகாலம் நெருங்கியிருந்தால், மருத்துவமனையில் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. வீதம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தேங்காதிருக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரக, கல்லீரல் பரிசோதனைகளும் தேவை.

"வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்பதே முதல் எதிர்வாதம். இதற்குப் பதில் ஊகமாக இருக்கக் கூடாது, எண்ணிக்கையாக இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை இருக்கிறது. டென்மார்க்கில் 1996 முதல் 2008 வரை பிறந்த 8,37,795 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2010-இல் வெளியானது. கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் அசைக்ளோவிரோ அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளோ எடுத்த தாய்மார்களின் குழந்தைகள் 1,804 பேர். அவர்களில் பெரிய பிறவிக் குறை இருந்தது 2.2 சதவீதம் பேருக்கு. மருந்தே எடுக்காத தாய்மார்களின் குழந்தைகளில் அது 2.4 சதவீதம். மருந்துப் பெட்டியிலுள்ள தாளில் "கர்ப்பத்தில் நன்மை மிகுந்தால் மட்டுமே" என்ற வரி இன்னும் இருக்கிறதே என்று கேட்கலாம். புது மருந்துகளின் பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை என்பதால் வரும் எச்சரிக்கை வரி அது. தீங்கு கண்டுபிடிக்கப்பட்டதால் எழுதியதல்ல. அந்த வரி கேட்கும் தராசில் ஒரு தட்டில் மேலே சொன்ன எண்ணிக்கையையும், மறு தட்டில் கடும் காய்ச்சல், கல்லீரல் பாதிப்பு, பார்வை இழப்பு, குறைப்பிரசவம் ஆகியவற்றையும் வைத்தால் எது கனக்கும் என்பதில் ஐயமில்லை.

தாமதத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள்

"டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்" என்பது அடுத்தது. புண்ணின் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமிட்டுப் பார்க்கும் ட்ஸாங்க் சோதனைக்கு அதிக நேரமும் செலவும் ஆகாது. தோல் நோய்ப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் செய்துகொள்ளலாம். பி.சி.ஆர். சோதனை இன்னும் துல்லியமானது. இரண்டையும் செய்வது நல்லதே. ஆனால் மாதிரியை எடுத்த கையோடு மருந்தையும் தொடங்கிவிட வேண்டும். முடிவு இல்லை என்று வந்தால், மருத்துவர் மீண்டும் பார்த்து நிறுத்திவிடலாம். இழப்பு சில மாத்திரைகள்தான். காத்திருந்து முடிவு ஆம் என்று வந்தால் இழந்த நாட்களைத் திரும்பப் பெற முடியாது. அந்த நாட்களின் விலையை அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளில் எக்ஸிமா ஹெர்பெட்டிகத்துக்காகச் சேர்க்கப்பட்ட 1,331 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2011-இல் கணக்கிட்டது. சேர்ந்த முதல் நாளே மருந்து தொடங்கியவர்களோடு ஒப்பிட்டால், இரண்டாம் நாள் தொடங்கியவர்கள் மருத்துவமனையில் தங்கிய காலம் 11 சதவீதம் கூடியது. மூன்றாம் நாள் என்றால் 41 சதவீதம். நான்கு முதல் ஏழாம் நாள் வரை தள்ளிப்போட்டவர்களுக்கு 98 சதவீதம். இது குழந்தைகளிடம் கண்ட கணக்குதானே, கர்ப்பிணிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பது நியாயமே. வைரஸ் பெருகும் முறை இருவரிடமும் ஒன்றுதான். வேறுபாடு என்று பார்த்தால், கர்ப்பிணிக்கு அது உள்ளுறுப்புகளுக்குப் பரவும் அபாயம் கூடுதல், உடன் இன்னோர் உயிரும் இருக்கிறது. ஆகவே அந்த வேறுபாடு விரைவைத்தான் கேட்கிறதே தவிர, தாமதத்துக்குத் துணை நிற்கவில்லை.

"ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கலாம்" என்பதும் வழக்கமாகக் கேட்கும் யோசனை. புண்ணில் பாக்டீரியாவும் சேர்ந்திருந்தால் செஃபலெக்சின் போன்ற, கர்ப்பத்தில் பழகிய மருந்து உதவும். ஆனால் அது வைரஸைத் தொடாது. அசைக்ளோவிருக்குத் துணையாக வரலாம், அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. இதற்கு நேர்மாறான பயம் ஸ்டீராய்டு களிம்பைப் பற்றியது. வைரஸ் எதிர்ப்பு மருந்து இல்லாமல் உடைந்த புண்ணின் மேல் அதைத் தடவுவது தவறுதான். அதற்காகக் கரப்பான் சிகிச்சையையே கைவிட்டால் கூரை இன்னும் இற்றுப்போகும். அசைக்ளோவிர் தொடங்கிய பிறகு, சுற்றியுள்ள கரப்பானுக்குக் களிம்பை மருத்துவர் சொல்லும் நேரத்தில் மீண்டும் தொடரலாம். மருத்துவமனையில் இருந்த குழந்தைகளில், களிம்பு தடவியதால் தங்கும் காலம் கூடவில்லை என்று 2013-இல் வெளியான ஆய்வு கண்டது. வாய்வழி ஸ்டீராய்டு சாப்பிட்டு வருபவர் அதைத் திடீரென்று தாமாக நிறுத்தவே கூடாது.

அம்மையும் அக்கியும்

கர்ப்பிணி உடலில் கொப்புளம் என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் 'அம்மை'. அம்மை போட்டிருக்கிறது என்றால் வேப்பிலை, இளநீர், தனி அறை, வெளியாரை உள்ளே விடாமை, தலைக்குத் தண்ணீர் விடும்வரை ஓய்வு என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. இதில் தனிமையும் ஓய்வும் நீர்ச்சத்தும் இன்றைய மருத்துவமும் சொல்வதே. "மாரியம்மா வந்திருக்கிறாள், மருந்து கொடுக்கக் கூடாது" என்ற பகுதி மட்டும்தான் விலை அதிகமாகக் கேட்கிறது. பெரியம்மை காலத்தில் கொடுக்க மருந்தே இருக்கவில்லை. பணிவிடையைத் தவிர வழியில்லாத நாளில் உருவான ஒழுங்கு அது. சின்னம்மைக்கு இன்று மருந்து இருக்கிறது. தாயைக் காப்பவள் என்று அம்மனை நம்புகிறவர்கள், வேப்பிலையைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துக்கொண்டே மாத்திரையையும் கொடுக்கலாம். பக்தியும் குறையாது, பிள்ளைத்தாய்ச்சியும் பிழைப்பாள். கரப்பான் தோலில் மட்டும் வேப்பிலை அரைத்தோ மஞ்சள் குழைத்தோ பூச வேண்டாம். உடைந்த தோலை அது எரிச்சலூட்டும், மருத்துவர் பார்க்க வேண்டிய புண்ணையும் மூடிவிடும்.

சின்னம்மையில் தடிப்பு, கொப்புளம், பொருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் கலந்து தெரியும். பெரும்பாலும் உடம்பின் நடுப்பகுதியில் அடர்ந்திருக்கும். கர்ப்பிணிக்கு இதில் பெரிய பயம் நுரையீரல் அழற்சி. கருவுற்று 20 வாரம் கடந்தவருக்குத் தடிப்பு தோன்றிய 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் 800 மி.கி. வீதம் நாளுக்கு 5 வேளை, 7 நாள் தரப்படுகிறது. அதற்கு முந்தைய வாரங்களிலும் மருத்துவர் நிலைமையை எடைபோட்டுத் தரலாம். சிசுவுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் திரட்டி 1994-இல் வெளியிட்ட கணக்கு தெளிவான பதில் தருகிறது. சின்னம்மை கண்ட 1,373 கர்ப்பிணிகளில், முதல் 12 வாரங்களில் வந்திருந்தால் பிறவிப் பாதிப்பு 0.4 சதவீதம், 13 முதல் 20 வாரங்களுக்குள் என்றால் 2 சதவீதம். கவலைக்குரியது, ஆனால் கருவைக் கலைத்துவிடலாமா என்று வீட்டில் பேசும் அளவுக்கானது அல்ல. தொடர்ந்த ஸ்கேன் பரிசோதனைதான் தேவை. அம்மை கண்டவரோடு பழகிவிட்ட, முன்பு சின்னம்மையே வராத கர்ப்பிணிக்கு 10 நாட்களுக்குள் எதிர்ப்புப் புரத ஊசி போட வாய்ப்பு உண்டு. அதனால் தொடர்பு ஏற்பட்ட தேதியை எழுதிவைத்து உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அதே வைரஸ் பிற்காலத்தில் விழித்து உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக வருவதே அக்கி. காவிக்கல் குழைத்து அக்கி எழுதுவது தமிழ்நாட்டில் இன்னும் இருக்கும் வழக்கம். அந்த 1994 ஆய்வில் அக்கி கண்ட 366 கர்ப்பிணிகளின் குழந்தைகளில் ஒன்றுக்கும் பிறவிப் பாதிப்பு இல்லை. அந்த ஆறுதலை அவர்களுக்குச் சொல்லலாம். ஆனால் நடுக்கோட்டைத் தாண்டி இரு பக்கமும், கரப்பான் உள்ள இடங்களையெல்லாம் பின்பற்றிப் படரும் கொப்புளம் அக்கியாக இருப்பது அரிது. அதன் மேல் காவி எழுதினால், எக்ஸிமா ஹெர்பெட்டிகத்துக்கு மருந்து தொடங்க வேண்டிய முதல் நாட்கள் அந்தச் செந்நிறத்தின் கீழ் கழிந்துவிடும்.

பிரசவமும் பச்சிளம் குழந்தையும்

கையிலும் முகத்திலும் ஹெர்பிஸ் புண் இருப்பதால் மட்டும் சிசேரியன் தேவையில்லை. முன்பே இந்த வைரஸைக் கண்ட தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். பிறப்புறுப்பில் முதல் தடவையாக, அதுவும் கடைசி மூன்று மாதங்களில் தொற்று வந்தால் நிலைமை வேறு. அந்தப் புரதங்கள் உருவாகக் காலம் போதாது, குழந்தைக்குத் தொற்றும் அபாயம் 30 முதல் 50 சதவீதம் வரை போகும், அப்போது சிசேரியனே பாதுகாப்பு. எனவே தொடையிலும் இடுப்பிலும் கரப்பான் உள்ள பெண்ணை வலி எடுத்ததும் நன்றாகப் பரிசோதிக்க வேண்டும். கூச்சத்தால் அவளும் மறைக்கக் கூடாது. மார்பில் புண் இருந்தால் அந்தப் பக்கப் பாலைத் தவிர்த்து மறுபக்கம் கொடுக்கலாம். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குச் சின்னம்மை கண்டால் குழந்தைக்கு எதிர்ப்புப் புரத ஊசி அவசரமாகத் தேவைப்படும். உதட்டில் கொப்புளம் உள்ள எவரும், பாட்டியானாலும் அப்பாவானாலும், பச்சிளம் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது.

தொற்று வருவதற்கு முன்பே

நல்ல காலத்திலேயே கூரையைச் செப்பனிட்டு வைப்பதுதான் முதல் பாதுகாப்பு. வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பைக் குளித்த ஈரம் காயுமுன் தினமும் தடவுவது, கரப்பானை லேசான அல்லது நடுத்தர வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்பால் அடக்கி வைப்பது இரண்டும் கர்ப்பத்தில் பாதுகாப்பானவை. வீரியம் மிகுந்த களிம்பைக் கர்ப்பகாலம் முழுக்கச் சேர்த்து 300 கிராமுக்கு மேல் பயன்படுத்தும்போதுதான் குழந்தையின் எடை குறைவதோடு தொடர்பு தென்பட்டிருக்கிறது. பயந்து அறவே நிறுத்துவதற்கு அது காரணமாகாது. மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் போன்ற மாத்திரைகளில் இருப்பவர்கள் கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். சின்னம்மைத் தடுப்பூசியும் கருத்தரிப்பதற்கு முன்பே போட வேண்டியது. உயிருள்ள வைரஸ் கொண்டதால் கர்ப்பத்தில் போடுவதில்லை.

கரப்பான் இருப்பதைத் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். தோல் நோய் என்று தனியாகவும் கர்ப்பம் என்று தனியாகவும் வெவ்வேறு அறைகளில் பார்க்கப்படும்போதுதான் இந்த நோய் இரண்டுக்கும் நடுவே நழுவிவிடுகிறது. வலிக்கும் கொப்புளம் கண்ட நாளில் மருத்துவமனை வாசலில் நான்கு செய்திகளைச் சேர்த்துச் சொன்னால் போதும்: எனக்கு நெடுநாளாகக் கரப்பான் உண்டு, இத்தனை வாரக் கர்ப்பம், கொப்புளம் இன்ன நாளில் தொடங்கியது, இது அரிக்கவில்லை, வலிக்கிறது. இந்த நான்கையும் ஒன்றாகக் கேட்ட மருத்துவருக்கு ஹெர்பிஸ் நினைவுக்கு வராமல் போகாது. அன்றே மருந்து தொடங்குவதற்கு அந்த நினைவுதான் தேவை.